சூரியன் எழாத ஊரில் அக்கா

நீங்கள் சாப்பிடுங்கள். என்னைப் பார்த்துக் கையை நிறுத்த வேண்டாம். செங்கல்பட்டு வருவதற்குள்ளேயே நான் டப்பாவைக் காலி செய்துவிட்டேன். எதிரில் ஒருவர் பட்டினியாக உட்கார்ந்திருந்தால்தான் எனக்கு ஆகாது. நாற்பத்தொரு வருஷம் அதைப் பார்த்தாகிவிட்டது.

போனில் இருக்கிற படமா? நீங்கள் எட்டிப் பார்த்தது தெரிந்தது, பரவாயில்லை. நான்தான். மூட்டை கட்டின மாதிரி உடை, பக்கத்தில் நாய். ஹஸ்கி என்று சொல்கிறார்கள். பின்லாந்து. அதிலும் வடக்கு நுனி, ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, இனாரி என்று ஓர் ஏரி. போன டிசம்பரில் ஐந்து நாள் போயிருந்தோம். இந்த ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு தோள் தெரிகிறதே, அது என் அக்கா. ஞானாம்பாள். அவளைப் பார்க்கத்தான் மயிலாடுதுறைக்குப் போகிறேன். எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. ஒரு காரியம் கேட்க வேண்டும். போனில் கேட்கிற காரியம் இல்லை.

எப்படிக் கேட்பது என்று எழும்பூரிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். உங்களிடம் சொல்லிப் பார்த்தால் வாய்க்குப் பழகும். சிதம்பரம் வரைக்கும் வருகிறீர்களா? அப்படியானால் நேரம் இருக்கிறது.

எனக்கு இருபத்தொரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பி.ஏ. கடைசி வருஷம். பத்தொன்பது நாள் நினைவில்லை. டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்போதே கல்யாணமாகி மாயவரத்தில் இருந்தாள். இப்போதுதான் மயிலாடுதுறை, எங்களுக்கு மாயவரம். பதினாறு பேர் சாப்பிடுகிற வீடு, இவள் மூத்த மருமகள். அவள் நேர்ந்துகொண்டாள். தங்கை பிழைக்க வேண்டும், அதற்காகச் சூரியனைக் கண்ணால் பார்த்துக் கும்பிடாமல் ஒரு பருக்கை வாயில் வைப்பதில்லை என்று. தண்ணீர் மட்டும். நான் பிழைத்துவிட்டேன். அவள் நிறுத்தவில்லை.

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? இதோ, உங்கள் முகமே மாறிவிட்டது. எல்லாருக்கும் இந்த இடத்தில் மாறும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது இதைக் கேட்டு என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறை முழுக்கத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். யார் சொல்லியிருப்பார்கள்? நான்தான் சொல்லியிருப்பேன். பேச்சோடு பேச்சாக வந்துவிடும்.

ஆனால் அதைச் சுமக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. ஐப்பசியில் மாயவரத்தில் மழை பிடித்துக்கொண்டால் மூன்று நாள் வானம் திறக்காது. மூன்று நாளும் அவள் பட்டினி. அம்மா எனக்குக் கார்டு போடுவாள். ‘இங்கே நல்ல மழை. ஞானா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.’ அவ்வளவுதான் கடிதம். அதை மடித்து வைத்துவிட்டு நான் தட்டு முன்னால் உட்கார வேண்டும். என் கல்யாணத்தன்று காலையில் மேகம். மதியம் இரண்டு மணி வரைக்கும் வெறும் வயிற்றோடு பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டவர்கள் எல்லாரும் அவளை ஒருதரம் பார்ப்பார்கள், பிறகு மேடையில் என்னைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் கோபம் வந்தால் ஒன்றே ஒன்று சொல்வார். “உங்க அக்கா பட்டினி கெடந்து வாங்கின உசுரு, ஜாக்கிரதையா வச்சுக்க.” எனக்குச் சொந்தமாக ஓர் உயிர் இருந்ததே இல்லை. சென்னையில் மழை வந்தால் ஊரே ஜன்னலைத் திறந்து ரசிக்கும். நான் மாயவரத்தில் வானம் எப்படி என்று போன் போடுவேன். சரி, எப்போதும் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். 

பேச்சு எங்கேயோ போய்விட்டது. பின்லாந்து.

அத்தான் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவருக்கு முன்னாலேயே அக்காவின் மாமியார் போய்விட்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம். மகன் சம்பந்தன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். அவ்வளவு பெரிய வீட்டில் இவள் ஒருத்தி. பாவம் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். மெர்சி என்று நாகர்கோவில்காரி, பெண்களை மட்டும் அழைத்துக்கொண்டு இப்படிப் பயணம் போகிறவள், ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கையோடு கொண்டுவருவாள். அவள் மார்ச் மாதம் வாருங்கள் என்றாள். “டீச்சர், மார்ச்சுல பகலும் உண்டு, ராத்திரி வானத்துல பச்சை ஒளியும் உண்டு, ரெண்டும் பாக்கலாம்.” நான் டிசம்பர் என்றேன். பள்ளிக்கூடக்காரிக்கு அரைப்பரீட்சை லீவு மாதம் உடம்பில் ஊறியிருக்கிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நான் என்ன பாடம் எடுத்தேன் என்று சொன்னேனா? பூகோளம். முப்பத்தொரு வருஷம். இருட்டு அறையில் குளோபைச் சாய்த்துப் பிடித்து, எதிரில் டார்ச் அடித்துக் காட்டுவேன். “டிசம்பரில் இந்த உச்சியில் வெளிச்சம் படவே படாது, பார்த்தீர்களா?” பிள்ளைகள் ஹோ என்று வாயைப் பிளக்கும்.

ஆமாம், தெரியும்தான். தெரிந்தது எல்லாம் அந்தந்த நேரத்தில் நினைவுக்கு வருகிறதா? வயது அறுபத்திரண்டு.

முதல் நாள் போய்ச் சேர்ந்தபோது இருட்டு. மறுநாள் காலை எட்டு மணிக்கும் இருட்டு. எங்களுக்குக் கொடுத்தது கண்ணாடிக் கூரை போட்ட குடில். படுத்தால் மேலே வானம். அக்கா குளித்து, விபூதி இட்டு, அந்த மூட்டை உடையை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றாள். மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. மூச்சு விட்டால் இமையில் உப்பு மாதிரி பூக்கிறது. நான் உள்ளேயிருந்து பார்த்தேன். கிழக்கு எது என்று யாரையோ கேட்டாள். யாரோ கையைக் காட்டினார்கள். அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். பத்து மணிக்கு நீலம் வந்தது. பதினொன்றரைக்குத் தெற்கே ஏரிக்கு அப்பால் கொஞ்சம் ரோஸ். இரண்டு மணிக்கு அதுவும் மங்கி மறுபடி இருட்டு. நடுவில் மூன்று முறை உள்ளே வந்து கையைக் கதகதப்பாக்கிக்கொண்டு போனாள். நான்காவது முறை வந்து கதவைச் சாத்தினாள்.

“ஏண்டி கோதை, மேகமா?”

மெர்சிதான் சொன்னாள். “மேகம் இல்லேம்மா. இங்க ஜனவரி பொறந்து பத்து நாள் ஆனாதான் சூரியனே எழும்பும்.”

அக்கா கேட்டுக்கொண்டாள். ஓ என்றாள். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மெர்சிக்கு விஷயத்தை நான் விளக்கினேன். மூளைக்காய்ச்சலில் ஆரம்பித்து முழுவதும் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ டீச்சர், இத முன்னாடியே சொல்ல வேண்டாமா? சுகர் மாத்திரை போடுற அம்மா. இந்தக் குளிருல ஒடம்புக்குச் சூடு எங்கேருந்து வரும்?” அன்று சாயங்காலம் முழுக்க இதே வேலை. மாயவரத்துக்குப் போன் போட்டுச் சம்பந்தனிடம் சொல்ல, அவன் குருக்களைப் பிடித்துக்கொடுக்க, அவர், “அந்த தேசத்துல சூரியன் இருக்கற திக்கைப் பார்த்துக் கும்பிட்டுட்டு தாராளமா சாப்பிடலாம், தோஷமில்லே” என்றார்.

“அவர்கிட்டயா நான் நேந்துக்கிட்டேன்?” என்றாள் அக்கா.

மறுநாள் காலை சம்பந்தன் மொட்டை மாடியில் ஏறிச் சூரியனைப் படம் பிடித்து வீடியோ அனுப்பினான். நல்ல வெயில். போனை அவள் கையில் கொடுத்தோம். குடிலில் இருந்த மற்ற ஆறு பெண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். வேலூர் லேடி டாக்டர் ஒருத்தி தட்டில் எலுமிச்சம்பழச் சோற்றோடு தயாராக நின்றாள். அக்கா வீடியோவை முழுக்கப் பார்த்தாள். மறுபடி போட்டுப் பார்த்தாள்.

“கொடியில துணி சுருண்டு கெடக்கு பாரு. உதறிப் போடச் சொன்னா மருமக கேக்கறாளா?” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆறு பேரும் அக்காவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அதே பார்வை. என் கல்யாண மேடையில் பார்த்தது, அங்கே வந்து பனிக்குள்ளும் என்னைப் பார்த்தது.

அன்றைக்குத்தான் நாய் வண்டி. சக்கரம் இல்லாத கட்டை வண்டி, முன்னால் ஆறு நாய். ஒருவர் உட்கார வேண்டும், ஒருவர் பின்னால் நின்று ஓட்ட வேண்டும், காலடியில் பிரேக். மெர்சி அக்காவைப் போக வேண்டாம் என்றாள். நான்தான் வரட்டும் என்றேன். குடிலில் தனியாக விட்டுவிட்டுப் போனால் நன்றாகவா இருக்கும்? அக்காவை மான்தோலில் உட்காரவைத்துப் போர்த்தினார்கள். நான் பின்னால் நின்றேன். நாய்கள் கிளம்புகிற வரைக்கும் கத்துகின்றன, தொண்டை கிழிகிற மாதிரி. கிளம்பியதும் ஒரு சத்தமில்லை. பனியைக் கட்டை உரசுகிற ஓசை மட்டும். அக்காவின் குல்லாய் மட்டும் என் முன்னால். பொய் சொல்லக் கூடாது, அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் ஓட்டுகிறேன், அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

திருப்பத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மிதித்தேனா இல்லையா தெரியவில்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து இருவரும் பனியில் விழுந்தோம். அடி ஒன்றும் இல்லை, பஞ்சு மாதிரி. நாய்கள் காலி வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டன. நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை. மல்லாந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. இவள் இங்கே செத்துப்போனால் என்று தோன்றிவிட்டது. மாயவரத்தில் போய் நான் என்ன சொல்வேன்? எல்லாரும் என்னைத்தானே கேட்பார்கள்? அப்போது தெற்கே மரங்களுக்குப் பின்னால் அந்த ரோஸ் நிறம் கொஞ்சம் தடித்துச் சிவந்தது. நான் கத்தினேன்.

“அக்கா, அதோ பாரு, சூரியன்! கும்பிட்டுக்கோ, சீக்கிரம்!”

அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“முப்பது வருஷம் பூகோளம் நடத்தினவ பேசற பேச்சாடி இது?” என்றாள். “தெரிஞ்சுதானே கூட்டிட்டு வந்தே.”

தெரிந்தா? சொல்லுங்கள், தெரிந்து யாராவது அப்படிச் செய்வார்களா? கூடப்பிறந்தவள் பட்டினி கிடக்கட்டும் என்று? பட்டினி கிடக்கவா கூட்டிக்கொண்டு போனேன்? ஒரே ஒரு நாள் விட்டுப்போனால் அப்புறம் தானாக நின்றுவிடும், நான் பாட்டுக்கு நானாக இருக்கலாம் என்று நினைப்பதில் என்ன குற்றம்? நினைத்தேன் என்று சொல்லவில்லை. நினைத்திருந்தால் என்ன குற்றம் என்கிறேன்.

நாய்க்காரப் பெண் வேறொரு வண்டியில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனாள். கூம்பு மாதிரி மரக் கூடாரம், நடுவில் நெருப்பு. ஏதோ சிவப்புப் பழச்சாற்றைச் சுடவைத்து ஊற்றிக் கொடுத்தாள். கூடவே தட்டையாக ஒரு ரொட்டி, வெண்ணெய் தடவி. அக்காவுக்கு வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா அதற்குள் கோப்பையை வாங்கிவிட்டாள். ஊதிக் குடித்தாள். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

நாற்பத்தொரு வருஷம். என் கண் முன்னால், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்குத்தானே ஆசைப்பட்டாய் என்கிறீர்களா? நான் கெஞ்சி, அழுது, கையைப் பிடித்து, “எனக்காக இருந்தது போதும் அக்கா, இனி வேண்டாம்” என்று சொல்லி, பிறகு அவள் சாப்பிட்டிருந்தால் அது வேறு. இவள் பாட்டுக்குத் தின்கிறாள்.

“அக்கா, விரதம்?”

“ஆச்சு.”

“என்ன ஆச்சு? எனக்காக இருந்த விரதம்.”

அவள் வெண்ணெய்க் கையை உடையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “உனக்காக ஒரு மண்டலம்தாண்டி நேந்துக்கிட்டேன். நாப்பத்தெட்டு நாள். அதுக்குள்ள நீ எழுந்து உக்காந்து ரசஞ்சாதம் கேட்டுட்டே.”

“அப்புறம்?”

“அப்புறம் எனக்காக இருந்தேன்.”

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். நெருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

“பதினாறு பேருக்கு அடுப்பு. காலையில கண்ணு முழிச்சதும் ஞானா, ஞானா, ஞானான்னு எட்டுத் திக்குலேருந்து குரல். அந்த நாப்பத்தெட்டு நாளும் நான் மாடிக்குப் போனா யாரும் கூப்பிடலை. சூரியன் பக்கத்து வீட்டுத் தென்னைக்கு மேல வர்ற வரைக்கும் அரை மணி, முக்கா மணி, சும்மா நிப்பேன். நாப்பத்தொம்பதாம் நாள் எறங்க மனசு வரலை. இன்னும் முடியலைன்னு சொல்லிட்டேன். மாமியார்கூட வாயைத் தொறக்கலை. உன் உசுராச்சே.”

“மழை நாள்ல மூணு நாள் பட்டினி கெடந்தியே?”

“பசிக்கும். ஆனா விரதக்காரியை அடுப்படிக்குக் கூப்பிடமாட்டாங்க. ஒரு ரூமுல படுத்துக் கெடப்பேன். மூணு நாளு யாரும் கிட்ட வரமாட்டாங்க. பரமசுகம்.”

“இப்ப ஏன் சாப்பிட்டே?”

“நேத்து முழுக்க வெளியில நின்னேனா, யோசிச்சுப் பாத்தேன். வீட்டுல யாரு இருக்கா இப்போ? மாடி பூரா நாளும் என்னோடதுதான். யாருகிட்டேருந்து ஒளிஞ்சுக்கறதுக்கு இன்னும் நின்னுக்கிட்டு இருக்கேன்? பழக்க தோஷம். உன் தயவுல இங்க வந்தேன், விட்டுது.”

நான் கேட்டேன், இதை ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை என்று. கேட்க வேண்டாமா? நாற்பத்தொரு வருஷம் ஒரு சோற்றை நான் நிம்மதியாகத் தின்றதில்லை. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“நீ எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சுக்கிட்டே இருந்தே. உனக்கு அது பிடிச்சிருக்குன்னு நெனச்சேன். எதுக்குக் கெடுக்கணும்?”

பிடித்திருந்ததாம். எனக்கு.

மீதி இரண்டு நாள் அவளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கலைமான் வண்டியில் ஏறினாள். ஏரியில் பனியைத் துளைத்து மீன் பிடிக்கிறார்கள் என்று அங்கே போய்க் குந்தி உட்கார்ந்தாள், சைவக்காரி. காலையில் எழுந்ததும் பல் தேய்த்த கையோடு அந்த இருட்டில் இரண்டு இட்லி. மெர்சி குக்கரில் வைத்த இட்லி, கல் மாதிரி இருக்கும், அதையும் தின்றாள். பச்சை ஒளி வந்த அன்று எல்லாரும் ஓடினார்கள். நான் போகவில்லை. கண்ணாடிக் கூரைக்கு அடியில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். வெளியே அவள் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை, சின்ன வயதில் கேட்டிருந்தால்தான் உண்டு.

சென்னையில் வந்து இறங்கினதும் அவளை அழைத்துப்போக வந்திருந்த சம்பந்தனிடம் விட்டுவிட்டு டாக்சி ஏறிவிட்டேன். அப்புறம் அவள் போன் செய்தாள். பொங்கலுக்கு, என் பிறந்தநாளுக்கு, சும்மாவும் இரண்டு தரம். நான் எடுக்கவில்லை. எதை எடுத்து என்ன பேசுவது? அவள் பேசாமல் இருக்கிறாள் என்றா உங்களிடம் சொன்னேன்? பேச்சு இல்லை என்றுதானே சொன்னேன்.

போன மாதம் வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி. வாயு என்று நினைத்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் ஒரு நிழல் மாதிரி இருக்கிறதாம். ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும், இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டர். வருகிற வியாழக்கிழமை. என் வீட்டுக்காரர்கூட இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் படித்தவள். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடுகிறவள் இல்லை. ஆனால் நீங்களே பாருங்கள். நாற்பத்தொரு வருஷம் எனக்கு ஒரு காய்ச்சல், ஒரு கட்டி வந்ததில்லை. அவள் அந்தக் கூடாரத்தில் ரொட்டியைக் கடித்து எட்டே மாதம். தனக்காக இருந்தாள், சரி, அவள் சொல்கிறாள். சூரியனுக்கு அது தெரியுமா? யார் கணக்கில் வைத்துக்கொண்டதோ?

அதனால் நேராகக் கேட்கப் போகிறேன். மறுபடியும் ஆரம்பி அக்கா, என்று. முன்னே மாதிரி ஆயுசு முழுக்க வேண்டாம். நாற்பத்தெட்டு நாள். எனக்காக இருந்தது அவ்வளவுதான் என்று அவளே சொன்னாளே, அவ்வளவே போதும். மாதம்கூட யோசித்து வைத்திருக்கிறேன். இப்போது ஆவணி. தினமும் வெயில் அடிக்கும், ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடலாம். மழை பிடிப்பதற்குள் முடிந்துவிடும்.

அறுபத்தெட்டு வயதில் சர்க்கரையை வைத்துக்கொண்டா என்கிறீர்களா? சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறாள். மைனஸ் இருபத்திரண்டில் தாங்கின உடம்பு. பழகினதுதானே.

முடியாது என்று சொல்லிவிடுவாள் என்றா நினைக்கிறீர்கள்? சொல்ல மாட்டாள். அவள் எனக்கு எதையும் முடியாது என்று சொன்னதில்லை. பனிக்குள் போகலாம் வா என்று கூப்பிட்டபோதுகூட, எதற்கு என்று கேட்கவில்லை. “உனக்கு ஆசையா இருக்காடி?” என்று மட்டும்தான் கேட்டாள்.